நைனாவின் உயரம்

1

நான் லாட்வியா நாட்டு ரீகாவில் என்ன படிக்கிறேன் என்று வடமாலபேட்டையில் யார் கேட்டாலும், "சேர் செய்யறதுக்குப் படிக்கிறான்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்டவர்கள் உடனே, "அதுக்கு எதுக்கு ஃபிளைட்டு ஏறணும், திருச்சானூர் ரோட்டுல ஆசாரிங்க இல்லயா?" என்கிறார்களாம். நியாயமான கேள்விதான். முதல் மாதம் முழுக்க நானும் அதையே கேட்டுக்கொண்டேன்.

படிப்பின் பெயர் பொருள் மற்றும் இட வடிவமைப்பு. ஒரு பருவம் பொருள்கள்: நாற்காலி, விளக்கு, கதவுக் கைப்பிடி. அடுத்த பருவம் இடங்கள்: அறை, நடை, படிக்கட்டு. இன்டரில், அதாவது பிளஸ் டூவில், இரண்டு முறை கோட்டு அடித்து, சப்ளிமென்டரியில் தட்டுத்தடுமாறி வெளியே வந்தவன் நான். என்னை இவர்கள் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், திருப்பதியில் பிளைவுட் கடையில் வேலை செய்தபோது லாட்ஜ்களுக்கு நான் அடித்துக் கொடுத்த கட்டில், அலமாரி, தடுப்புகளின் போட்டோக்கள். ஒரே ரூமை நடுவில் தடுத்து இரண்டு ரூமாக்கிய வேலையைப் பார்த்து, மிகச் சிறிய இடத்தைப் பற்றிய ஆழமான சிந்தனை என்று பாராட்டினார்கள். லாட்ஜ் ஓனர் காதில் விழுந்தால் வாடகையை ஏற்றிவிடுவார் என்பதால் ஊரில் சொல்லவில்லை.

இங்கே எனக்கு மிகவும் கஷ்டமான விஷயம் குளிர் இல்லை. யாரையும் கிண்டல் செய்ய முடியாததுதான். டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "ஜன்னலைத் தொறந்து வெக்கட்டுமா, காத்து வரும்" என்றேன், மைனஸ் பதினொன்றில். அவர் மரியாதையாக எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

நவம்பரில் எங்கள் ஆசிரியை லைமா ஒரு பயிற்சி கொடுத்தார். இல்லாத ஒருவருக்கு நாற்காலி செய்ய வேண்டும். அவரிடம் கேட்கக் கூடாது, அவரை அளக்கவும் கூடாது. அவர் விட்டுப்போன சட்டை, செருப்பு, அவர் சாய்ந்த இடம், குனிந்த வாசல் ஆகியவற்றிலிருந்து அவருடைய அளவைத் தேடி எடுக்க வேண்டும். ஒருவன் பழைய காதலியை எடுத்துக்கொண்டான். என் பக்கத்து மேஜைக்காரன் தாவித், ஜார்ஜியாக்காரன், சிறையில் இருக்கும் மாமாவை எடுத்துக்கொண்டான். நான் என் அப்பா என்று எழுதிக் கொடுத்தேன்.

"இறந்துவிட்டாரா?" என்று லைமா மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது."

"அப்படியென்றால் இருக்கிறாரா?"

"அதுவும் தெரியாது."

நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டே மாதத்தில் என்னைப் புரிந்துவைத்திருந்தார். அன்றைக்கு நான் விளையாடவில்லை.

2

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா காணாமல் போனது சித்தூரில், மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில். போன ஆனியோடு ஏழு வருடம் ஆகிவிட்டது.

நம் பக்கம் ஆனி மாதத்தில் அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். பெங்களூரா மாங்காயை ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் ரோட்டோரம் மைல் கணக்கில் நிற்கும். உள்ளே நுழைய இரண்டு நாள் ஆகும். அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி, காய் பழுத்துக் கசிய ஆரம்பித்ததும் எல்லாரும் எல்லாரையும் திட்டுவார்கள். அந்த வருடம் நைனாவோடு நானும் போனேன். எனக்குப் பதினாறு வயது. வீட்டில் இருந்தால் பக்கத்து வீட்டு ஆடுகளுக்குக் கண்மை தீட்டுவேன் என்று அம்மாதான் கூட அனுப்பிவைத்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நைனா இறங்கினார். "டேய் முனி, டீ வாங்கினு வரேன். லைன் நகர்ந்தா வண்டிய எட்டி வெய்யி. தூங்கினே, ஒதை வாங்குவ."

அதற்குப் பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவும் அக்கா பவானியும் படித்தது தெலுங்கில். தமிழ் பேசுவார்களே தவிர எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் ஐந்தாவது வரை ஊத்துக்கோட்டையில் சித்தப்பா வீட்டில் இருந்து படித்ததால் எனக்கு எழுத வருகிறது. ஆகவே நீங்கள் யாரும் வீட்டில் போய்ப் படித்துக்காட்டிவிடாதீர்கள்.

நான் வண்டியை எட்டி வைக்கவில்லை. பின்னால் இருந்தவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, வரிசையிலிருந்து வெளியே எடுத்து, ரிப்பேராகி நின்றிருந்த ஒரு லாரியின் மறைவில் நிறுத்தினேன். நைனா வந்து வண்டியைக் காணாமல் முழிப்பார், ஐந்து நிமிடம் தேடவிட்டு முதுகுப் பக்கமாகப் போய் நிற்கலாம் என்று கணக்கு. காய் மேல் படுத்தேன். லாரி நிழல் நன்றாக இருந்தது. தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. டீக்கடைக்காரர்தான் சொன்னார். நைனா இரண்டு கிளாஸ் டீயோடு திரும்பி வந்திருக்கிறார். வண்டி நின்ற இடத்தில் வேறு வண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறார். முன்னாலும் பின்னாலும் நடந்து, என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்புறம் கிளாஸ் இரண்டையும் ரோட்டோரக் கல் மேல் வைத்துவிட்டு, பாகாலா போகும் பக்கமாக நடந்திருக்கிறார். நான் போனபோது கிளாஸ்கள் அங்கேயே இருந்தன. டீ ஆடை கட்டியிருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

டிராக்டர் தொலைந்ததற்காக ஒரு மனிதன் ஊரை விட்டுப் போவானா என்று ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டார். போகமாட்டான்தான். ஆனால் போனார். லைன் நகர்ந்தது, நான் வண்டியை முன்னால் கொண்டுபோய்விட்டேன் என்று சொன்னேன். அம்மா அதை நம்பினாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருவராவது நைனாவைப் பார்த்தேன் என்று வருவார்கள். பாகாலா ஜங்ஷனில் இரண்டாவது பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருந்தார் என்றார் ஒருவர். திருச்சானூர் குளத்தங்கரையில், தலை மொட்டையாக, என்றார் இன்னொருவர். எல்லாரும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றாமல் சொன்னார்கள்: கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார், ஆனால் யாரையோ எதிர்பார்த்து ஏமாந்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

3

அளவெடுக்க அக்காவை வீடியோ காலில் வேலை வாங்கினேன். டெய்லர் டேப்பை வைத்துக்கொண்டு அவள் வீடு முழுக்கத் தேடினாள். நைனாவின் சட்டையில் தோள் பதினேழரை அங்குலம். செருப்பில் இடது குதி தேய்ந்திருந்தது. டிவிஎஸ் வண்டியின் சீட்டும் இடது பக்கம்தான் உள்ளே போயிருந்தது. நைனா எப்போதும் ஒரு பக்கமாகக் குந்துவார், எதிரில் இருப்பவர் சொல்வதை நம்பாத மாதிரி.

"செவுத்துல எண்ணெ கறை கீதே, அதையும் அளக்கட்டுமா?" என்றாள் அக்கா.

தினமும் இரவு சாப்பிட்ட பிறகு நைனா தரையில் குந்தி, கூடத்துச் சுவரில் தலையைச் சாய்ப்பார். தேங்காய் எண்ணெய் ஏறி ஏறி அங்கே உள்ளங்கை அளவு ஒரு வட்டம் உண்டு.

"அது மேலதான் சுண்ணாம்பு அடிச்சிட்டீங்களே."

"மூணு சங்கராந்திக்கு அடிச்சாச்சு. மறுபடி வெளிய வருது. எண்ணெக்கு மேல சுண்ணாம்பு ஒட்டாதாம், பெயின்ட் அடிக்கிறவன் சொன்னான்."

"அளந்து சொல்லு."

"தரையிலர்ந்து நடு வட்டம் முப்பத்திமூணு." டேப்பை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இருடா. போன வருசம் பூஜ அலமாரி மாட்டறப்போ அளந்தேன். முப்பத்திரண்டரதான் இருந்துச்சு."

"டேப்ப சரியா புடி. நைனா இல்லாத நேரத்துல வளந்துக்கினா இருக்கறாரு?"

அக்கா சிரிக்கவில்லை. மறுபடி அளந்தாள். முப்பத்திமூன்றுதான். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்ததாக, குளியலறைக் கதவின் நிலை. நைனா அங்கே மட்டும் தலை குனிவார், அம்மா குனியமாட்டாள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஐந்தடி ஏழு அங்குலம் உள்ள ஓர் ஆள் கிடைத்தார். என் வாழ்நாளில் நான் சரியாகப் போட்ட முதல் கணக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

4

அந்தச் சமயத்தில் எனக்குத் தங்கும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. குடியேற்ற அலுவலகப் படிவத்தில் தந்தை என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: உயிருடன், காலமானார். இரண்டையும் விட்டுவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண்மணி பேனாவால் அந்த இடத்தைத் தட்டினார். எனக்குத் தெரிந்த நாலு லாட்விய வார்த்தைகளில், டீ வாங்கப் போயிருக்கிறார் என்று சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அவர் வரும் வரை ஓரமாக உட்காருங்கள்" என்றார். நானும் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டு அவரே முதல் கட்டத்தில் குறி போட்டார்.

நாற்காலி வேலை பட்டறையில் நடந்தது. சட்டத்தை அடித்துவிட்டேன். உட்காரும் பலகையைக் குடைவதற்கு முன்னால் உடம்பின் பதிவு வேண்டும். நைனாவின் எடைக்குத் தாவித் கிட்டத்தட்ட சரியாக இருப்பான். பலகை மேல் இரண்டு விரல் கனத்துக்குக் களிமண் அப்பி வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்ததும் அவனை உட்காரச் சொல்லலாம் என்று இருவரும் கேன்டீனுக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது களிமண்ணில் பதிவு இருந்தது. இடது பக்கம் ஆழம், வலது பக்கம் மேலாக.

"நல்ல கிண்டல்" என்றான் தாவித். "நான் உன்னோடுதானே இருந்தேன், எப்படிச் செய்தாய்?"

பட்டறை பூட்டியிருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்திருக்கலாம். பன்னிரண்டு பேர் படிக்கும் இடத்தில் கால் வலித்தவர் யாராவது இருந்திருப்பார். எல்லாரையும் கேட்டேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் ஏதாவது களவு போனால் எல்லாரும் முதலில் என்னைப் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் பார்த்தார்கள். அந்தப் பதிவின்படியே பலகையைக் குடைந்தேன். வேறு என்ன செய்ய, மரம் வீணாகிவிடும்.

மதிப்பீட்டு நாளில் ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவரும் அரை நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. எனக்கே பொருந்தவில்லை. லைமா உட்கார்ந்தார், சாய்ந்தார், சட்டென்று எழுந்து பாவாடையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார், ஈரத்தில் உட்கார்ந்தவர் மாதிரி.

"செய்நேர்த்தி நன்றாக இருக்கிறது" என்றார். "ஆனால் இதில் இடம் காலியாக இல்லை."

நல்ல மதிப்பெண் கொடுத்தார். அன்றிலிருந்து யாரும் குளிர்கோட்டைக் கழற்றி அதன் மேல் போடுவதில்லை. கூட்டிப் பெருக்க வரும் அம்மாள் எல்லா நாற்காலிகளையும் மேஜை மேல் கவிழ்த்துவார். அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்குவார். ஏன் என்று கேட்டேன். சிரித்தார், எனக்குத் தெரிந்த விஷயத்தை நான் கேட்பது போல.

5

ஜனவரியில் அக்காவுக்கு சத்தியவேடு பக்கம் சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளை நல்லவர். நான் என்ன கேலி செய்தாலும் அடுத்த நாள்தான் புரிந்துகொண்டு சிரிப்பார். ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார்கள். பெண்ணின் தகப்பன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் தாலி கட்ட முடியாது. ஏழு வருடம் ஆகிவிட்டது, முறைப்படி கர்மம் செய்துவிடுங்கள், தோஷத்தோடு பெண் எடுக்க மாட்டோம் என்றார்கள்.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு நம் பக்கம் என்ன செய்வார்கள் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தர்ப்பைப் புல்லால் ஆள் அளவுக்கு ஓர் உருவம் கட்டி, பேர் சொல்லி, ஆற்றங்கரையில் வைத்து எரிப்பார்கள். அதோடு அந்த ஆள் செத்துவிட்டதாகக் கணக்கு. நைனா அதற்கப்புறம் வாசலில் வந்து நின்றாலும், நிற்பது யார் என்று கேட்க வேண்டியிருக்கும்.

"பதினோராம் நாளு அம்மாவுக்குப் பூ பொட்டு எடுக்கணும்ங்கறாங்கடா" என்று அக்கா போனில் குரலை இறக்கிச் சொன்னாள். "எனக்கு இந்தக் கல்யாணமே வாணாம்னு தோணுது."

பின்னாலிருந்து அம்மா கத்தினாள். "எடுத்துக்கினு போறாங்க விடுடி. ஸ்டிக்கர் பொட்டுதான. நீ அவன அழ வெக்காத, அங்க கண்ணுத்தண்ணி உறைஞ்சிடுமாம்."

மறுநாள் திருச்சானூரிலிருந்து பந்துலு வந்தார். சடங்கு செய்துவைக்கிற அய்யரை நம் வீட்டில் பந்துலு என்றுதான் சொல்வோம். அம்மா போனை அவர் பக்கம் சாய்த்து வைத்தாள்.

"பாபு, கொலத்தலு கரெக்டா வேணும்" என்றார் அவர், தெலுங்கும் தமிழுமாக. "அளவு தப்பினா கர்மம் அவருக்குப் போய்ச் சேராது. வேற எங்கயோ போயிடும். உங்கம்மாவக் கேட்டா தெரியாதுங்கறாங்க."

"எனக்கு இன்னா தெரியும், நான் இன்னா அவர அளந்து பாத்தா கட்டிக்கினேன்?" என்றாள் அம்மா. "முனிதான் சேருக்குன்னு ஒரு நோட்டு நெறைய எழுதி வெச்சிக்கினு கீறான். அவன் சொல்லட்டும்."

நோட்டு என் முன்னால் திறந்திருந்தது. ஐந்தடி ஏழு. அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். இதைப் படித்துச் சொன்னால் அக்காவுக்குக் கல்யாணம், அம்மாவின் நெற்றி காலி, நைனா முடிந்தார். அவரை ஒருமுறை வரிசையிலிருந்து நான் வெளியே எடுத்துவிட்டது போதும் என்று தோன்றியது.

"அஞ்சடி நாலுங்க" என்றேன்.

மூன்று அங்குலம் கம்மி, நாலு விரல் அகலம். பந்துலு எழுதிக்கொண்டார். கேமராவின் ஓரத்தில் அம்மாவின் காது மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

6

சொர்ணமுகி ஆற்று மணலில் சடங்கு. ஊரில் காலை பதினொரு மணி. இங்கே ஏழரை, ஜன்னலில் இன்னும் இருட்டு. எனக்குப் பதிலாக சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அக்கா போனைப் பிடித்திருந்தாள்.

புல் உருவத்தை வேட்டி போர்த்திப் படுக்கவைத்திருந்தார்கள். பார்ப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, வைக்கோல் பொம்மைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வேட்டியின் அடியில் பாதம் இருக்க வேண்டிய இடம் கூராக நின்றது. காற்றில் மார்பு ஏறி இறங்கியது.

"அம்மா, ஒருதரம் பார்த்துக்குங்க" என்றார் பந்துலு.

அம்மா குனிந்தாள். தலையிலிருந்து காலடி வரை சாண் சாணாகக் கை வைத்துப் போனாள். முடிவில் வெறும் மணலில் நாலு விரலை அகலமாக வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு போனைப் பார்த்தாள். நேராக என்னை.

"சரியா கீது" என்றாள். "ஆரம்பிங்க."

புல் சீக்கிரம் எரிந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்து அம்மா கூப்பிட்டாள். ஆற்றங்கரையிலிருந்து தனியாக நடந்துகொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது.

"நாலு விரல் கட்டையா சொன்னியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இருவது வருசம் பக்கத்துல படுத்தவடா நான்."

"அப்போ ஏம்மா சரின்னு சொன்ன?"

"நீ சொல்லாட்டி நான் ஆறு விரல் கொறச்சிச் சொல்லலாம்னு இருந்தேன். நீ முந்திக்கினே." சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்துக் கேட்டேன். "கல்யாணமும் நடக்கட்டும், அவரும் இருக்கற எடத்துல இருக்கட்டும். பந்துலு கிட்ட ஒளறிடாத."

"எரிஞ்சது அப்போ யாரும்மா?"

"யாரோ. எவன் அளவோ அவனுக்குப் போய்ச் சேர்ந்துட்டுப் போவுது."

அதைச் சொன்ன பிறகு அவள் நடப்பது நின்றது. செருப்புச் சத்தம் நின்றதால்தான் தெரிந்தது.

"முனி."

"இன்னாம்மா."

"நீ எவ்ளோ ஒயரம்டா?"

ஐந்தடி நாலு என்ற எண் எங்கிருந்து என் வாயில் வந்தது என்று அதுவரை நான் யோசித்திருக்கவில்லை. விசாவுக்கு எடுத்த மருத்துவச் சான்றிதழில் என் பேருக்கு நேராக இருப்பது அதுதான்.

"அஞ்சு அஞ்சும்மா" என்றேன். "இங்க வந்து ஒரு இஞ்ச் ஏறிட்டேன். இந்த ஊருல எல்லாமே நெட்டயாதான் வளருது."

"நெசமா?"

"நெசமா."

"செவுத்துல டேப்ப ஒட்டி, பக்கத்துல நின்னு, ஒரு போட்டோ அனுப்பு. இப்பவே."

டேப்பை ஒட்டினேன். சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு குதிகாலையும் தூக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்து அறைத் தாவித்தைக் கூப்பிட்டு, முட்டிக்குக் கீழே தெரியாத மாதிரி எடுக்கச் சொன்னேன். தலை ஐந்தடி ஐந்தைத் தொட்டிருந்தது. சிரித்த முகமாகவும் வந்திருந்தது. அனுப்பிவைத்தேன்.

ஒரு நிமிடத்தில் அம்மாவின் குரல் செய்தி வந்தது.

"கால் எங்கடா காணோம்?"